பதினாறு வயதுப் பிள்ளை யார் கணக்கில்?

பதினாறு வயதுப் பிள்ளை யார் கணக்கில் இருக்கிறான்? கோட்டையில் போய்க் கேட்டால் கோப்பைப் புரட்டுவார்கள். ஜவ்வாது மலையில், சாமைக் கொல்லை ஓரத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். கேட்ட வாய் மூடுமுன் விடை வரும்: "எங்க கணக்குல எங்கய்யா இருக்கான்? மேஸ்திரி கணக்குல இருக்கான்!"

பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் இருக்கவேண்டிய பெயர், மேஸ்திரியின் அழுக்கேறிய நோட்டுப் புத்தகத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? அந்தப் பெயரைத் திரும்ப எடுத்து, "இவன் என் பிள்ளை, இன்னும் படிக்கிறான், இவனுக்குரிய பங்கை என் கையில் கொடு" என்று ஒரு மலைநாட்டுத் தாய் உரிமையோடு கேட்க வழி உண்டா? இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இதுதான்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்குக் கட்டாயக் கல்வி, கட்டணமில்லாக் கல்வி என்று சொல்கிறது. நல்லது, வரவேற்கிறோம். 18 வயதானால் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிவிடுகிறது. தேர்தல் வந்தால் வீடு தேடி வந்து கை கூப்புகிறார்கள். இடையிலே கிடக்கின்றனவே நான்கு ஆண்டுகள், அவை யாருடையவை? 14 முதல் 18 வரை உள்ளவனை ஆபத்தான தொழில்களில் மட்டும் வைக்கக் கூடாது என்கிறது 2016 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம். அதாவது, அந்த வயதில் அவனைப் படிக்கவைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் அரசாங்கத்துக்கு இல்லை. அவனை வேலைக்கு வைத்துக்கொள்ள முதலாளிக்குப் பெரிய தடையும் இல்லை! பட்டணத்தில் அந்த நான்கு ஆண்டுகளைத் தனிப்பயிற்சியில் கழிக்கிறார்கள். மலையில் அந்த நான்கு ஆண்டுகள்தாம் ஒருவன் தலையெழுத்து. தலையெழுத்து என்ற சொல்லில் நமக்கு நம்பிக்கை இல்லை, தோழர்களே. ஆனால் எழுதுகிறவன் யார் என்று தெரிந்துவிட்ட பிறகு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

எழுதுகிறவன் மேஸ்திரி. எழுதும் மை முன்பணம்!

திருவண்ணாமலை மாவட்டத்து ஜமுனாமரத்தூர்ப் பக்கமானாலும், திருப்பத்தூர் மாவட்டத்துப் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆனாலும், மலையின் வாழ்வு ஒன்றேதான். வானம் பார்த்த பூமி. சாமையும் கம்பும் விளையும். புளியும் தேனும் கடுக்காயும் பருவத்துக்குப் பருவம் கிடைக்கும். விளைந்ததை விற்றுத் தின்று முடித்த பிறகு, அடுத்த மழைக்குள் வரும் மாதங்கள் நீண்டவை. அந்த மாதங்களில்தான் அடிவாரத்திலிருந்து மேஸ்திரி ஏறிவருவான். கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் வேண்டும், கேரளத்துக் கட்டட வேலைக்கு ஆள் வேண்டும், திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு ஆள் வேண்டும். "பெரியவன் என்ன படிக்கிறான்?" என்று அன்போடு விசாரிப்பான். தாயின் கையில் சில ஆயிரங்களை வைப்பான். அந்தப் பணம் அரிசியாகும், பழைய கடனுக்கு வட்டியாகும், கிழவிக்கு மருந்தாகும். பையன் பேருந்தில் ஏறுவான். பள்ளியில் அவன் பெயருக்கு நேரே சில நாள் சிவப்பு மையில் குறி விழும். பிறகு பெயரே இராது.

காப்பித் தோட்டத்துக்குப் போனவனாவது திரும்பி வருகிறான். ஆந்திரத்துக்குப் போனவன்? 2015 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாளை மறக்க முடியுமா? சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டவந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழ்த் தொழிலாளரைச் சுட்டு வீழ்த்தினார்களே, ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்களும் அந்தப் பிணங்களிடையே கிடந்தார்களே! வெட்டிய மரத்தைக் கப்பலேற்றிக் கோடி குவித்தவன் எவனும் அங்கே சாகவில்லை. கூலிக்குப் போனவன்தான் செத்தான். அவன் ஏன் போனான் என்று கேட்டவர்கள் அன்று பலர். எந்த வயதில் அவன் பள்ளியை விட்டான், அன்று அவன் வீட்டில் என்ன இருந்தது என்று கேட்டவர்கள் சிலரே.

இனி வேறொரு வீட்டுக்குப் போவோம். பட்டணத்து மாடி வீடு. மாதச் சம்பளம் பெறும் பெரிய அதிகாரி ஒருவர் அங்கே இருக்கிறார். அவருக்கும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை. ஆண்டுக்கு 50,000 ரூபாய் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வருமானவரிக் கணக்கு எழுதும்போது, பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால், இரண்டு பிள்ளைகள் வரைக்கும் கட்டிய கல்விக் கட்டணத்தை, மற்ற சேமிப்புகளோடு சேர்த்து ஒன்றரை லட்சம் வரம்புக்குள், வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அவர் 30 விழுக்காடு வரி கட்டும் நிலையில் இருந்தால், அந்த 50,000 ரூபாய்க்கு 15,000 ரூபாய் வரி மிச்சம். பிள்ளை படிக்கிறான் என்பதற்காக அரசாங்கம் தன் வருவாயில் 15,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறது! இதிலே நமக்குப் பொறாமை இல்லை. படிக்கட்டும், கழிக்கட்டும். புதிய வரிமுறையில் இந்தக் கழிவு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே ஒரு கணக்குப்பிள்ளை நம்மீது பாயக் கூடாது பாருங்கள்!

நான் கேட்பது ஒன்றே. இதை எவராவது 'இலவசம்' என்று அழைத்தது உண்டா? "சலுகை கொடுத்துச் சம்பளக்காரரைச் சோம்பேறியாக்குகிறார்கள்" என்று எந்த ஆங்கில ஏடாவது தலையங்கம் தீட்டியது உண்டா?

இப்போது மலைவீட்டுப் பிள்ளையின் கணக்கைப் பாருங்கள். 11 ஆம் வகுப்பில் படிக்கும் பழங்குடிப் பிள்ளைக்கு மத்திய அரசின் உதவித்தொகை ஒன்று உண்டு. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 2010 ஆம் ஆண்டு அதைத் திருத்தி உயர்த்தினார்கள். உயர்த்திய தொகை எவ்வளவு தெரியுமா? விடுதியில் தங்கிப் படிப்பவனுக்கு மாதம் 380 ரூபாய். வீட்டிலிருந்து நடந்துபோய்ப் படிப்பவனுக்கு மாதம் 230 ரூபாய். நாளொன்றுக்கு எட்டு ரூபாயும் முழுதாக இல்லை! பன்னிரண்டு மாதமும் தந்தால்கூட 2,760 ரூபாய். மாடிவீட்டுக்கு 15,000; மலைவீட்டுக்கு 2,760. முன்னதற்குப் பெயர் வரிக்கழிவு. பின்னதற்குப் பெயர் உதவி!

"அவர் வரி கட்டுகிறார், அதனால் கழிக்கிறார், மலைக்காரன் என்ன வரி கட்டுகிறான்?" என்று கேட்பார்கள். கட்டுகிறான் ஐயா, கட்டுகிறான். சவர்க்காரம் வாங்கும்போது கட்டுகிறான். எண்ணெய் வாங்கும்போது கட்டுகிறான். கேரளத்தில் வேலைசெய்யும் மகனோடு பேசுவதற்குக் கைப்பேசியில் பணம் போடுகிறாளே தாய், அதிலே 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி. சம்பளக்காரர் வரி கட்டினால் கையில் சீட்டு கிடைக்கிறது. அந்தச் சீட்டைக் காட்டிக் கழித்துக்கொள்கிறார். மலைநாட்டான் கட்டும் வரிக்குச் சீட்டு இல்லை. சீட்டு இல்லாததால் கழிவும் இல்லை. கட்டும் வழி இருவருக்கும் உண்டு, திரும்பப் பெறும் வழி ஒருவருக்கு மட்டும்!

இந்த அநியாயத்தை மற்ற நாட்டார் எப்படித் தீர்த்தார்கள்? நம்மை 200 ஆண்டு ஆண்டானே வெள்ளைக்காரன், அவன் தன் நாட்டில் தன் தொழிலாளிக்கு என்ன செய்தான் என்று பார்ப்பது பயனுள்ளது. அங்கே எலினார் ராத்போன் என்று ஓர் அம்மையார். பிள்ளை வளர்ப்பதும் உழைப்பே, அதற்கு நாடு பணம் தரவேண்டும், அதைத் தாயின் கையில் தரவேண்டும் என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாதாடினார். 1942 இல் பெவரிட்ஜ் அறிக்கை வந்தது. 1945 இல் குடும்பப் படிச் சட்டம் நிறைவேறியது. மசோதாவில் முதலில் தகப்பன் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். அம்மையார் விடவில்லை. தாய் என்று திருத்தவைத்தார். 1946 ஆகஸ்டு மாதம் முதல், இரண்டாவது பிள்ளையிலிருந்து பிள்ளைக்கு வாரம் 5 ஷில்லிங் தாயின் கைக்குப் போனது. அதே 1946 இல் அம்மையார் மறைந்தார்.

பிறகு அந்தத் திட்டம் பல உருவம் எடுத்தது. 2003 இல் 'வரி வரவு' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெயர்தான் வரி, வரியே கட்டாத ஏழைக் குடும்பத்துக்கும் பிள்ளைக்கு இவ்வளவு என்று பணமாகவே வந்தது. குறை இல்லாமல் இல்லை: "அதிகமாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கட்டு" என்று ஏழைகளை விரட்டிய கதையும் அங்கே உண்டு. 2025 ஏப்ரல் 5 ஆம் நாளோடு அந்த வரி வரவு முடிந்து, வேறொரு பொது உதவித் திட்டத்தோடு கலந்துவிட்டது. ஆனால் பிள்ளைப் படி என்பது நிற்கவில்லை. அதில் ஒரு விதி இருக்கிறது. நம் பொருளுக்கு அதுதான் முக்கியம்.

பிள்ளைக்கு 16 வயது நிறைந்தபின் வரும் ஆகஸ்டு 31 ஆம் நாளோடு படி நிற்கும். ஆனால் பிள்ளை பள்ளிப்படிப்பையோ, ஒப்புக்கொள்ளப்பட்ட பயிற்சியையோ தொடர்ந்தால் படியும் தொடரும், 20 வயது வரையில்! படிப்பை விட்டு முழுநேர வேலைக்குப் போனால் நின்றுவிடும். விதியின் பொருள் விளங்குகிறதல்லவா? படிக்கிற வரைக்கும் பிள்ளை, குடும்பத்தின் கணக்கில். அந்தப் பதினாறாம் வயதில் அங்கே என்ன நடக்கிறது? வருவாய்த் துறையே தாய்க்குக் கடிதம் எழுதுகிறது: "உங்கள் பிள்ளை மேற்கொண்டு படிக்கிறதா? ஆம் என்று தெரிவியுங்கள், பணம் தொடரும்." அலுவலகம் தாயைத் தேடுகிறது தோழர்களே, தாய் அலுவலகத்தைத் தேடவில்லை!

நம் மலையில் எப்படி? ஒரு தகப்பன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் பத்தாவது தேறிவிட்டான்.

"சாதிச் சான்று எங்கேப்பா?"

"எங்கப்பனுக்கு இருந்துச்சுங்க ஐயா."

"உங்கப்பனா படிக்கப்போறாரு? பையன் பேருக்கு வேணும்."

"எங்கீங்க வாங்கணும்?"

"இங்க கிடைக்காது. கோட்டாட்சியர்தான் தரணும். கீழே போ."

கீழே! மலைநாட்டான் வாழ்வில் இந்தச் சொல் எத்தனை முறை! மற்றச் சாதியார் பலருக்கும் வட்டாட்சியர் அலுவலகத்திலேயே முடிந்துவிடும் வேலை, பழங்குடிக்கு மட்டும் கோட்டாட்சியர் வரை போகவேண்டும். பொய்ச் சான்று வாங்கிய புல்லுருவிகளைத் தடுக்க வந்த ஏற்பாடு. உண்மைப் பழங்குடியின் காலைத்தான் கட்டுகிறது. அவன் பேருந்துக்குக் காசு கொடுத்து இறங்குவான். அன்று ஐயா விசாரணைக்குப் போயிருப்பார். மறுபடி இறங்குவான். வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு, அதிலே பெயருக்கு ஓரெழுத்து மாறியிருந்தால் அதற்கொரு நடை. ஒவ்வொரு நடையும் ஒருநாள் கூலி. மாதம் 230 ரூபாய்க்காக இத்தனை நடை நடந்தவன், நாலாம் நடையில் மேஸ்திரியைப் பார்த்தால் என்ன செய்வான்?

பெயரைப் பற்றி ஒரு சொல். இவர்களுக்கு அரசாங்கப் பட்டியலில் 'மலையாளி' என்று பெயர். மலையை ஆள்பவன் என்று பொருள்! விவரம் தெரியாத பட்டணத்தார், "கேரளத்தில் இருந்து வந்தவர்களா?" என்று கேட்கிறார்கள். அது போகட்டும். அந்தப் பட்டியலை எழுதியவர்கள் வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம், தருமபுரி, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டத்து மலையாளியைப் பழங்குடி என்றார்கள். பழைய கோவை மாவட்டத்தை விட்டுவிட்டார்கள். விளைவு? ஜவ்வாது மலையில் பழங்குடியாக இருப்பவனுடைய இரத்த உறவினன் ஈரோட்டுப் பர்கூர் மலையில் பிறந்தால் பழங்குடி இல்லை! கோடு கிழித்தவன் பேனா கொஞ்சம் வளைந்தது. ஒரு மலையின் பிள்ளைகளுக்கு வழி அடைந்தது. அவர்கள் ஆண்டாண்டுக் காலமாக மன்றாடிவந்தார்கள்.

நம் நாட்டில் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தப் பணமும் சோறும் கொடுக்கும் பழக்கம் இல்லையா? உண்டு. பெருமையோடு சொல்வேன், உண்டு. 1920 இல் சென்னை மாநகராட்சியில் பிட்டி தியாகராயர் தலைமையில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் இட்ட சிற்றுண்டி முதல் கதை தொடங்குகிறது. 1956 இல் காமராசர் மதிய உணவு தந்தார். 1982 இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1984 இல் அது பத்தாம் வகுப்பு வரை நீண்டது. 1989 இல் கலைஞர் முட்டை சேர்த்தார். 2022 செப்டம்பரில் மு.க.ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். யார் செய்தாலும் நன்மை நன்மையே. ஆனால் இந்த நூறாண்டுக் கதையில் ஓர் ஓட்டை இருக்கிறது பாருங்கள். சத்துணவு வகுக்கப்பட்டது பத்தாம் வகுப்பு வரை. பதினொன்றாம் வகுப்புக்குப் போனால் தட்டு கிடையாது! வயிறு வளரும் வயதில், பசி இரட்டிப்பாகும் வயதில் தட்டை எடுத்துவிடுகிறோம். உண்டு உறைவிடப் பள்ளியில் தங்குபவனுக்குச் சோறு உண்டு. ஊரிலிருந்து நடந்துபோகிறவன் கேழ்வரகுக் களி இருந்தால் தின்றுவிட்டுப் போகிறான், இல்லாவிட்டால் போகவில்லை.

பணமும் அப்படியே. 1989 இல் கலைஞர் ஆட்சியில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஒரு திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாவது படித்த பெண்ணுக்கு 5,000 ரூபாய். திருமணத்துக்கு என்று பெயர். உள்ளே இருந்த சூழ்ச்சி படிப்பு. எட்டாவது வரை படிக்கவைத்தால்தானே பணம்! பின்னால் வந்தவர்கள் படிப்பின் அளவையும் உயர்த்தினார்கள், தாலிக்குத் தங்கமும் சேர்த்தார்கள். 2022 இல் அதைத் திருத்தி, 'புதுமைப் பெண்' என்று, அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாற்றினார்கள். தாலித் தங்கத்தை எடுத்துவிட்டார்களே என்று அங்கலாய்த்தவர் உண்டு. பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடிய இராமாமிர்தம் அம்மையார் பெயருக்குத் தங்கத்தைவிடப் புத்தகமே பொருத்தம் என்பது என் கருத்து. 2024 ஆகஸ்டில் ஆண்பிள்ளைக்கும் 'தமிழ்ப் புதல்வன்' என்று அதே தொகை வந்தது. அதனால் பயன்பெற்ற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். குறை சொல்லும் நா எனக்கில்லை.

ஆனால் கேளுங்கள். அந்த ஆயிரம் எப்போது வருகிறது? பள்ளியை முடித்துக் கல்லூரிக்கோ தொழிற்பயிற்சிக்கோ போன பிறகு வருகிறது. ஆற்றைக் கடந்து அக்கரை சேர்ந்தவனுக்கு ஓடம் தருகிறோம்! நடு ஆற்றில் தத்தளிப்பவன் பதினொன்றாம் வகுப்பிலல்லவா இருக்கிறான்? அரசு பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் இடைநிற்றலைத் தடுக்க 2011 இல் ஒரு ஊக்கத்தொகை கொண்டுவந்தார்கள்: பத்தாவதுக்கும் பதினொன்றுக்கும் 1,500 வீதம், பன்னிரண்டுக்கு 2,000, ஆக 5,000. நல்ல எண்ணந்தான். ஆனால் அந்தப் பணத்தை வைப்பில் போட்டு, பன்னிரண்டு முடித்த பிறகு வட்டியோடு தருவது என்று ஏற்பாடு. மேஸ்திரி முன்பணம் தருகிறான். அரசாங்கம் பின்பணம் தருகிறது. பசித்த வீட்டில் எது வெல்லும்?

இங்கே மறுப்பாளர் ஒருவர் எழுவார். "பையன் கூலிக்குப் போனால் நாளைக்கு 400 ரூபாய் என்றாலும், 20 நாளில் 8,000 கொண்டுவருவான். நீ மாதம் 1,000 கொடுத்தால் நின்றுவிடுவானா?" நியாயமான கேள்வி. ஆயிரமும் எட்டாயிரமும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் எந்தத் தாயும் எட்டாயிரத்துக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையை அனுப்புவதில்லை. வீட்டில் உப்பும் அரிசியும் இல்லாத ஒரு கிழமையில், கடன்காரன் வாசலில் நின்ற ஒரு காலையில் அனுப்புகிறாள். அந்தக் கிழமையைத் தாண்ட ஒரு கைப்பிடிப் பணம் இருந்தால் அவள் வாயில் "அவன் படிக்கட்டும்" என்ற சொல் வரும். பெண்பிள்ளை விஷயத்தில் இது இன்னும் கண்கூடு. 18 வயதுக்குமுன் பெண்ணுக்குத் திருமணம் கூடாது என்று சட்டம் இருக்கிறது. 16 வயதில் வீட்டோடு சும்மா இருக்கும் பெண்ணை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? மாதந்தோறும் பள்ளிக்குப் போகிறவள் பெயரால் வீட்டுக்குப் பணம் வருகிறது என்றால், பெண் கேட்டு வந்தவனிடம் தகப்பனே சொல்வான், "படிப்பு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று.

"தகப்பன் குடித்துவிடுவான்" என்பது அடுத்த மறுப்பு. அதற்கு ராத்போன் அம்மையார் 1945 லேயே விடை சொல்லிவிட்டார்: தாயிடம் கொடு. நம் நாட்டிலும் 2023 செப்டம்பர் 15 இல், அண்ணா பிறந்தநாளில், குடும்பத்தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்றே பெயர் வைத்தார்கள். 'உதவி' என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொகை வீட்டில் பிள்ளை எத்தனை, எந்த வகுப்பு என்று கேட்பதில்லை. பள்ளிக்கு அனுப்பினாலும் ஆயிரம், மேஸ்திரியிடம் அனுப்பினாலும் ஆயிரம். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் படிக்கும் பிள்ளைக்கென்று தனியே ஒரு படிப்புரிமைத் தொகை, தாயின் கணக்கில், மாதம் தவறாமல் வேண்டும். அதுவே நம் கோரிக்கை. மலையில் முதலில் தொடங்கட்டும்.

"பணத்துக்கு எங்கே போவது?" இதோ கணக்கு. ஆயிரம் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஆயிரம் வீதம், ஆண்டுக்கு ஒரு கோடியே இருபது லட்சம். பத்தாயிரம் பிள்ளைகள் என்றாலும் 12 கோடி. 2019 செப்டம்பர் 20 ஆம் நாள் மத்திய நிதியமைச்சர் பெரிய கம்பெனிகளின் வரியைக் குறைத்தார். அதனால் ஆண்டுக்கு இழக்கும் வருவாய் 1,45,000 கோடி ரூபாய் என்று அவரே அறிவித்தார். அன்று எந்தப் பொருளாதாரப் புலியும் "இலவசம்! இலவசம்!" என்று உறுமியதாக எனக்கு நினைவில்லை. பங்குச் சந்தையில் வெடி வெடித்தார்கள்!

இன்னும் சிலர் இருக்கிறார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள், உள்ளுக்குள் நினைப்பார்கள். "மலைக்காரப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு? அப்பன் தொழிலைக் கற்றால் போதாதா?" இந்தக் குரலை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். 1953 இல் ஆச்சாரியார், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டபோது நாடே கொதித்து எழுந்தது. குலக்கல்வி ஒழிக என்று பெரியாரும் கழகமும் முழங்கினார்கள். 1954 இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் குப்பைக்குப் போனது. சட்டமாக வந்த குலக்கல்வியை விரட்டினோம். வறுமையாக வந்து ஜவ்வாது மலையில் பதினாறு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துப் போகிறதே, அந்தக் குலக்கல்வியை யார் விரட்டுவது? அங்கே பாதி நேரம்கூடப் பள்ளி இல்லை!

படித்தால் என்ன ஆகும் என்று கேட்பவருக்கு அந்த மலையே விடை சொல்லியிருக்கிறது. புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற மலையாளிப் பழங்குடிப் பெண், பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்குப் பயணம்செய்து தேர்வு எழுதி, 2024 இல் 23 வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வு பெற்றார். நாடே பாராட்டியது. பாராட்டிய கைகளையெல்லாம் நானும் கண்டேன். பதினாறாம் வயதில் அவரோடு ஒரே வயதில் இருந்த மற்றப் பெண்கள் இன்று எங்கே என்று அந்தக் கைகள் தேடிப் பார்த்திருக்கலாம்.

அதே மலைத்தொடரில் காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி. ஒளி புறப்பட்டு வந்துசேரப் பல்லாயிரம் ஆண்டு ஆகும் விண்மீனைக்கூட அங்கிருந்து பார்த்துக் கணக்கு எழுதுகிறார்கள். அறிவியல் வளரட்டும், மகிழ்ச்சி. அதன் காலடியில் பத்தாவதோடு நின்ற பிள்ளையைப் பார்க்க எத்தனை மீட்டர் கண்ணாடி வேண்டுமோ!

கோரிக்கை வைப்பது ஒருபுறம். கோட்டை கேட்கும்வரை நாம் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. கிளைத் தோழர்களுக்குச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுவாரமே மலைக்கிராமங்களுக்கு ஏறுங்கள். ஊர்க்கவுண்டரைக் கண்டு பேசுங்கள். அவர் சொன்னால் ஊர் கேட்கும். தேறியவன் யார், தவறியவன் யார், யார் வீட்டுக்கு மேஸ்திரி வந்துபோனான் என்று பட்டியல் எடுங்கள். தவறியவனைத் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டவையுங்கள். பலர் அங்கேதான் கழன்றுகொள்கிறார்கள். சாதிச் சான்று இல்லாத பிள்ளைகளின் பெயரைத் தனியே எழுதி, தகப்பனின் பழைய சான்று, ரேசன் அட்டை, பள்ளிச் சான்று எல்லாவற்றையும் சேர்த்து, ஊரே ஒரு மனுவாகக் கோட்டாட்சியரிடம் கொடுங்கள். "நாங்கள் நாற்பது பேர் இறங்குவதைவிட நீங்கள் ஒருநாள் ஏறிவந்து முகாம் போடுவது எளிது" என்று மரியாதையோடு சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளும் அதிகாரிகள் இருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதவருக்கு எழுத்தில் நினைவூட்டுங்கள். இப்போதிருக்கும் 230 ஆனாலும், ஊக்கத்தொகை ஆனாலும், ஒரு பிள்ளையினுடையதும் விட்டுப்போகக் கூடாது. சிறு தொகைதானே என்று நாமே விட்டுவிட்டால், பெரிய தொகை கேட்கும்போது "இருப்பதையே யாரும் வாங்கவில்லையே" என்று கணக்குக் காட்டுவார்கள்.

விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து என்று ஓர் இடம் இருக்கும். தகப்பன் காப்பித் தோட்டத்தில் இருந்தால் அவன் வரும்வரை காத்திராதீர்கள். தாயைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், மகள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கட்டும்.